இடையூறு என்ற கட்டத்தில் நான் எழுதியவை

மகனே,

இதில் நான் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப்போகிறேன். எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன், எதையும் மறைக்கமாட்டேன், நான் செய்த அசிங்கத்தையும் சேர்த்தே எழுதுவேன். இதற்கு முன்பும் ஒருமுறை இப்படி உறுதி எடுத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதினேன். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் நீ படிக்கப்போகிறாய். இது அதே நோட்டு. முன்பக்கங்கள் முழுக்க நண்டுகள். மீதிப் பக்கங்கள் உனக்கு.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை இருக்கும், வேலை இருக்கும், உன் பேச்சைக் கேட்க வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். இன்று காலை என் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், இலையெடுத்துத் துடைத்த மேசையில் நோட்டை வைத்து எழுதுகிறேன். மேசை இன்னும் காயவில்லை, ரசவாடை அடிக்கிறது. காலையில் முகூர்த்தத்துக்கு முன், அக்காவுக்குச் சித்தி பூ வைத்துக்கொண்டிருந்தபோது, நான் அவளிடம் ஒரு பதிலைச் சொல்லப் போனேன். ஏழு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. நான் வாயைத் திறந்ததும் அவள் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லாதட்டி. ஒனக்கு ஒரு பயல் பொறப்பான் இல்லியா, அவங்கிட்ட சொல்லு. அவனாவது ஒழுங்கா இருக்கட்டு" என்றாள். சித்தி சிரித்தாள். கல்யாணப்பெண் கேலி பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள். அக்கா கேலி பேசவில்லை.

ஆகவே உனக்கு எழுதுகிறேன். உன்மேல் எனக்கு அன்பு வருமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கோபம் மட்டும் இப்போதே இருக்கிறது. காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பெரிய மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். தோவாளைப் பூச்சந்தையில் அப்பா நடத்தும் கடை மாமா பிடித்துக் கொடுத்தது. கடை இல்லாவிட்டாலும் இதே கதைதான்; எங்கள் ஆட்களிடம் தாய்மாமன் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். என் அப்பா பிச்சிப்பூவைக் கையில் அள்ளிப் பார்த்தே எந்த ஊர்த் தோட்டத்துப் பூ, எப்போது பறித்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் மாமாவுக்கு முன்னால் "ஆமா"வுக்கு மேல் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. நீ ஆண்பிள்ளையாகப் பிறந்து, உனக்கு ஒரு தங்கையும் பிறந்தால், ஒருநாள் நீயும் யாருக்காவது பெரிய மாமா ஆவாய். அதனால்தான் மகளுக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன். அவளை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்கப்போகிறவன் நீ.

போன வருடம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் நண்டுகளை எடுத்துக்கொண்டேன். மணக்குடியில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், காயல் ஓரத்துச் சேற்றில், விரல்நுனி அளவே இருக்கும் நண்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிது. தண்ணீர் வற்றியதும் குழிக்கு வெளியே வந்து நின்றுகொண்டு அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெண் நண்டு நடந்து வரும், பார்க்கும், பிடித்தால் அதன் குழிக்குள் போகும், இல்லாவிட்டால் அடுத்ததைப் பார்க்கப் போகும். நான் கண்டுபிடித்தது, அங்கே இரண்டு வகை இருக்கிறது என்பது. வெள்ளைக் கை நண்டு பக்கவாட்டில் விரித்து வட்டமாக, வேகமாக ஆட்டும். சிவப்புக் கை நண்டு மெதுவாக மேலே தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, கீழே இறக்கும். இரண்டும் ஒரே சேற்றில், ஒரு முழ இடைவெளியில் குழி போட்டிருந்தன. பெண் நண்டுகள் ஒருமுறைகூடத் தவறான குழிக்குள் போகவில்லை. எட்டு மாதம், சனிக்கிழமைதோறும் பார்த்து எழுதினேன்.

இது ஏன் என்று விலங்கியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் விளக்கியது இன்றும் எனக்கு அழகாகவே இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். முன்பு எப்போதோ அந்த இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும். ஏதோ ஒன்று அவற்றைப் பிரித்து வைத்திருக்கும், மணல்திட்டோ, தூரமோ. பிரிந்திருந்த காலத்தில் உடம்புக்குள் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துவிட்டன. பிறகு மறுபடியும் பக்கத்தில் வந்தபோது, கலந்து பிறந்தவை பிழைக்கவில்லை. அடையாளம் தெரியாமல் தவறாகப் போன பெண்ணின் குஞ்சுகள் செத்தன. சரியாகப் பார்த்துப் போன பெண்ணின் குஞ்சுகள் மிஞ்சின. அந்தக் குஞ்சுகளுக்கு அம்மாவின் கண் இருந்தது. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால், ஆட்டும் விதம் இன்னும் விலகும், பார்க்கும் கண் இன்னும் கூர்மையாகும், கடைசியில் இரண்டு தனிச் சிற்றினங்கள் நிற்கும். யாரும் திட்டம் போடவில்லை. யாரும் கட்டளையிடவில்லை. பிழைத்ததும் பிழைக்காததும் மட்டுமே அதைச் செய்தன. இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தின் உள்ளே இருக்கும் எஞ்சினைத் திறந்து காட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மணக்குடிக்கு நான் தனியாகப் போகக்கூடாது. தோவாளையிலிருந்து வடசேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அப்போது அக்கா பி.காம் முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை, அதனால் துணைக்கு அவள். முதல் நாளே சேற்றைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுக்காட்டி என்னக் கூட்டிட்டு வந்த?" என்று திட்டினாள். பாலத்துக்கு அடியில் ஒரு வள்ளத்தில் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க எறங்காதீங்க மக்கா, பொதஞ்சி போவும். என்ன எடுக்கணும்?"

"ஒண்ணும் எடுக்கண்டாம். நண்டு பாக்கணும்" என்றேன்.

"நண்டுன்னா சந்தைக்குல்லா போணும்."

"திங்க இல்ல. அது எத்தன தடவ கை ஆட்டுதுன்னு எண்ணணும்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "இவங்களும் எண்ணவா வந்திருக்காங்க?"

"நான் இவள எண்ணி, ஒண்ணு கொறயாம வீட்டுல கொண்டு விடணும். அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

அவர் பெயர் ஆன்றோ. முட்டத்துக்காரர், மீனவர் வீட்டுப் பிள்ளை, மணக்குடியில் வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்ப்பவர். அன்று எங்களைச் சேற்றுத் திட்டுக்குப் பக்கத்தில் வள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமையும் நிறுத்தினார். மூன்றாவது சனிக்கிழமை அக்கா என்னை எழுப்பி, "ஏட்டி, நண்டு பாக்கப் போகண்டாமா?" என்றாள். மகனே, நண்டின் கை ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை உயர்கிறது என்று தவறில்லாமல் எண்ணிய எனக்கு அந்தக் கேள்வியில் எதுவும் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். தெரிந்தது. அது என் ஆராய்ச்சிக்கு வசதியாக இருந்தது, அதனால் பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் ஆன்றோ அண்ணன் வலைக்குக் கட்டும் மிதப்பு ஒன்றைச் செதுக்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, குடைக்கம்பியில் குத்திக் கொண்டுவந்தார். நண்டின் பெரிய கை, அச்சு அசலாக. நான்தான் கேட்டிருந்தேன், கையின் நிறத்தைப் பார்த்து வருகிறதா, ஆட்டும் விதத்தைப் பார்த்து வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அவர் வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து அதைச் சேற்றுக்கு மேல் வைத்துச் சிவப்பு நண்டு மாதிரி மெதுவாக ஆட்டினார், பிறகு வெள்ளை நண்டு மாதிரி வேகமாக ஆட்டினார். ஒரு பெண் நண்டுகூடத் திரும்பவில்லை.

"அதுக்கெல்லாம் புத்தி இருக்கு" என்றாள் அக்கா.

"புத்தி இல்லாதது ஒண்ணாவது கெடைக்காமலா போவும்?" என்று அவர் படுத்தபடியே கையை அவள் பக்கம் திருப்பி ஆட்டினார்.

அக்கா சிரித்த சிரிப்பில் பத்தடி சுற்றளவில் இருந்த எல்லா நண்டும் குழிக்குள் போய்விட்டன. நான் அதை எழுதினேன். என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: நேரம், நண்டின் வகை, நிமிடத்துக்கு எத்தனை அசைப்பு, இடையூறு. நண்டு எதனால் பயந்து உள்ளே போனாலும் அதை இடையூறு என்ற கட்டத்தில் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பாகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கொக்கு வந்தால் குறித்தேன். மேகம் மறைத்தால் குறித்தேன். "11.10. அக்காவின் சிரிப்பு. மீண்டும் வெளியே வர நான்கு நிமிடம்" என்றும் குறித்தேன். நீ முன்பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம், எல்லாம் அங்கே இருக்கிறது. ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாத ஒழுங்கான பிள்ளை நான்.

கண்காட்சியில் பரிசு கிடைத்தது. பெரிய மாமாவுக்கு ஒரே பெருமை. "எங்க மருமவ ஆராய்ச்சி பண்ணியிருக்கா" என்று கடைத்தெருவில் காட்ட நோட்டை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திரும்பி வந்தார். அப்பா சந்தையிலிருந்து வந்து தரையில் படுத்திருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டி, சத்தம் போட்டு வாசித்தார்.

"'பதினொண்ணு பத்து. அக்காவின் சிரிப்பு. நாலு நிமிசம்.' செரி. சிரிச்சா. 'பன்னெண்டு அஞ்சு. ஆன்றோ அண்ணன் அக்காவுக்கு மாங்காய் வெட்டிக் கொடுத்தார். வள்ளம் ஆடியது. ஆறு நிமிசம்.' யாருட்டி இந்த ஆன்றோ அண்ணன்? ஒங்க அம்ம எனக்குத் தெரியாம பெத்ததா?"

மாமா பக்கத்தைப் புரட்டினார். "'பன்னெண்டரை. அக்காவும் ஆன்றோ அண்ணனும் பேசவில்லை. இடையூறு இல்லை.'" கண்ணாடியைக் கழற்றினார். "சிரிச்சது போட்டும். பேசுனதும் போட்டும். பேசாம இருந்துருக்காளே, அதுக்கு என்ன அர்த்தம், மாப்ள?"

அம்மா அந்த வரிக்குத்தான் அழுதாள்.

அக்கா தேய்ப்புப் பெட்டியின் சுவிட்சை நிறுத்தினாள். மறுக்கவில்லை. "எனக்கு அவரப் பிடிச்சிருக்கு மாமா. கெட்டுனா அவரத்தான்" என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை, அதை நான் கவனித்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார். மாமா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்துகிறவரோடு சண்டை போடலாம். அவர் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய், 'முடிவு' என்று நான் அடிக்கோடிட்டு எழுதியிருந்ததைத் தேடி எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். இன்னொரு நாற்காலியை இழுத்துத் தனக்கு எதிரே போட்டார். என் பதினேழு வருடத்தில் அவர் எனக்குப் போட்ட ஒரே நாற்காலி அது.

"இங்க இரு மக்களே. நீ படிச்சவ. நாங்க சொன்னா கெழட்டுப் பேச்சும்பா ஒங்க அக்கா. நீயே சொல்லு. ரெண்டு வகையும் சேந்தா என்னாவும்?"

"குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது மாமா."

"பிழைச்சா?"

"பிழைச்சாலும் அதுக்கு ஜோடி கெடைக்காது. அது கை ஆட்டத ரெண்டு வகைக்கும் புரியாது."

"கேட்டியளா மாப்ள?" மாமா தொடையில் தட்டினார். "ஒரு நண்டு. எறும்புக்கு அண்ணன் மாதிரி இருக்கு. அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம வீட்டுல பி.காம் படிச்சதுக்குத் தெரியல."

மகனே, இந்த இடத்தைத்தான் நீ நன்றாகப் படிக்க வேண்டும். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண். அவர் நண்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நண்டைப் பற்றிப் பதில் சொன்னேன். பயந்து சொன்னேன் என்று எழுதினால் உனக்கு என்மேல் இரக்கம் வரும், அதனால் அப்படி எழுதமாட்டேன். பயம் இல்லை. பெருமையாக இருந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து என் வாயைப் பார்த்தார்கள். "ஜோடி கெடைக்காது" என்று அவர் கேட்காத இரண்டாவது விளக்கத்தையும் நானாகச் சேர்த்தேன், தெரியுமா? கூடுதலாக ஒரு மதிப்பெண் வாங்குகிற மாதிரி. அக்கா என்னைப் பார்த்து, "செரியாத்தான் சொல்லிட்ட. முழு மார்க்கு" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட சட்டையை மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு இந்த ஏழு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது எல்லாம் 'சாப்பிட்டியா', 'நகரு' என்ற அளவில்தான்.

அவள் போனை அன்றே வாங்கிக்கொண்டார்கள். வேலையை நிறுத்தினார்கள். ஆன்றோ அண்ணன் ஒருநாள் விடியற்காலையில் பூச்சந்தைக்கே வந்து அப்பாவின் கடைமுன் நின்றாராம். அம்மாவிடம் அப்பா சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டே பூவைக் கூறு போட்டிருக்கிறார். மாமாதான் பேசியிருக்கிறார். எங்கள் வீட்டுப் பிள்ளையே ஆராய்ச்சி செய்து எழுதி வைத்திருக்கிறது என்று என் நண்டை எடுத்து அவரிடமும் நீட்டியிருக்கிறார். "நான் நண்டு இல்ல சார்" என்றாராம் அவர். "நண்டுன்னா இந்நேரம் கறி வச்சிருப்போம்லே" என்றாராம் மாமா. சந்தையே சிரித்ததாம். அப்பாவும் சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆன்றோ அண்ணன் மணக்குடியில் இல்லை. எங்கே இருக்கிறார் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

மாமாவை நீ ஒரு ராட்சசனாக நினைத்துக்கொண்டு, 'நான் அப்படி இல்லையே' என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவாய். அதற்கும் இடம் தரமாட்டேன். கடல் ஊருக்குள் ஏறி வந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. கரையிலிருந்து வந்தவர்களை இந்தப் பக்கத்து மண்டபங்களிலும் பள்ளிகளிலும் தங்க வைத்திருந்தார்கள். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடத்திலும்தான். மாமா நான்கு நாள் வீட்டுக்கு வரவில்லை. இங்கேயே சோறு வடித்தார், பரிமாறினார், அழுகையை நிறுத்தாத ஒரு மீனவக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் குழந்தை அவர் சட்டையில் கக்கியது, அவர் அதே சட்டையோடு அடுத்த பந்திக்கும் சாம்பார் ஊற்றினார். அந்த நாலு நாளும் இரண்டு வகை எங்கே போயிருந்தது? பசித்தவனுக்குச் சோறு போடும்போது ஒரே வகை. பெண் கேட்டு வந்து நிற்கும்போது வேறு வகை. நீயும் இப்படி நல்லவனாக இருந்துகொண்டே கெட்டதைச் செய்யக்கூடிய ஆளாகத்தான் வளர்வாய். அதுதான் எனக்கு இப்போதே எரிச்சல்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு டீச்சரிடம் போய், "இதெல்லாம் மனுசங்களுக்கும் பொருந்துமா டீச்சர்?" என்று கேட்டேன். "அது நம்ம பாடத்துல இல்ல. நீ தலைப்ப விட்டு வெளிய போவாத" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் ஒரு தங்கை இருக்கலாம், அவர் வீட்டிலும் ஒரு நாற்காலி இருக்கலாம். மனிதர்கள் எல்லாரும் ஒரே சிற்றினம் என்று பாடப்புத்தகத்திலேயே ஒரு வரி இருக்கிறது, யாரும் அடிக்கோடு போடாத வரி. அதைத் தேடி எடுத்து மாமாவிடம் காட்டலாமா என்று நினைத்தேன். காட்டினால் சிரிப்பார். புத்தகத்தில் ஆயிரம் எழுதியிருக்கும் என்பார். எனக்கு வேண்டியது புத்தகத்தின் வரி இல்லை. நானே பார்த்து, நானே எழுதி, அவர் கையில் கொடுத்த அந்த நண்டுகளை அவரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும்.

போன மாதம் வீட்டில் சொல்லாமல் பள்ளிக்குப் போகிறேன் என்று கிளம்பி, தனியாக மணக்குடிக்குப் போனேன். பாலத்தடியில் வேறு யாரோ எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையிலிருந்தே பார்த்தேன். ஒரு பெண் நண்டு சிவப்புக் கைகளுக்கு நடுவே நடந்து போனது. எத்தனையோ கைகள் தூக்கி இறக்கின. அது ஒன்றையும் பார்க்கவில்லை. அடுத்தது வெள்ளைக் கைகளின் இடம். அங்கே போய் நின்றது, பார்த்தது, ஒரு குழிக்குள் இறங்கியது. இதையே எட்டு மாதம் பார்த்திருக்கிறேன். அன்று வேறொன்றைத் தேடினேன், அது அங்கே இல்லை. அந்தச் சேற்றில் காவலுக்கு யாரும் இல்லை. எந்த நண்டும் எந்த நண்டின் போனையும் பிடுங்கவில்லை. எந்த மாமா நண்டும் குழிவாசலில் நாற்காலி போட்டு உட்காரவில்லை. தவறான கை ஆடும்போது அந்தப் பெண்ணுக்குப் பார்க்கவே தோன்றவில்லை, அதனால் யாரும் தடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. உண்மையாகவே இரண்டு வகையாகிவிட்ட உயிர்களுக்கு நடுவே வேலி கண்ணுக்குள் இருக்கிறது. பிறந்து பிழைக்காமல் போன குஞ்சுகள் அந்த வேலியைக் கட்டின.

அக்காவின் கண்ணுக்குள் அப்படி ஒன்று இருந்ததா? அவள் மூன்றே சனிக்கிழமையில் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு துண்டு மிதப்பை அவர் ஆட்டிய ஆட்டம், சேற்றில் ஒரு நண்டுக்கும் புரியாதது, அவளுக்குப் புரிந்தது. அவர்கள் இரண்டு வகையாக இருந்திருந்தால் அவள் சிரித்திருக்கவே மாட்டாள். தடுக்க வேண்டியிருந்தது என்பதே அவர்கள் ஒரே வகை என்பதற்குச் சாட்சி. என் நோட்டில் அதற்கு எட்டு மாதச் சாட்சி இருக்கிறது, மாமா சத்தம்போட்டு வாசித்த அந்த நான்காவது கட்டத்தில். இதுதான் மகனே, நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டிய பதில். "மாமா, நண்டுக்குக் காவல் வேண்டாம். நமக்கு நீங்க வேண்டியிருக்கு. அதுலயே தெரியலியா?" இவ்வளவுதான். கால் நிமிடம் ஆகும். சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கலாம். கல்யாணம் நடக்காமல் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா தனியாக நின்றிருக்கமாட்டாள். இரண்டு பேராக நின்றால் அப்பா ஒருவேளை எழுந்திருப்பார். பாதி எழுந்து உட்கார்ந்தவர்தானே அவர்.

இந்தப் பதிலிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மறுபடியும் நண்டைக் காட்டித்தான் பேசுகிறேன். மாமாவுக்கு நண்டு உதவியது என்று கோபப்பட்டுவிட்டு நானும் நண்டைக் கூப்பிடுகிறேன். ஒருவேளை நாளைக்கு யாராவது, நண்டுகளில் வேறு ஏதோ ஒரு வகையில் காவலும் உண்டு என்று கண்டுபிடித்தால்? அப்போது அக்காவைப் பூட்டி வைத்தது சரியாகிவிடுமா? ஆகாது. நண்டு எப்படி வாழ்கிறது என்பது நண்டைப் பற்றிய செய்தி. அக்கா யாரைக் கட்ட வேண்டும் என்று நண்டையும் கேட்கக்கூடாது, என்னையும் கேட்கக்கூடாது. அவளைக் கேட்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள். தெளிவாக, நடுங்காமல் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

ஆகவே உனக்கு என் புத்திமதி இதுதான், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள். நீ படித்தவன், நீயே சொல்லு என்பார்கள். உனக்குப் பதில் நன்றாகத் தெரிந்த கேள்வியாகத்தான் கேட்பார்கள், தெரியாததைக் கேட்கமாட்டார்கள். அப்போது பதிலைத் தேடாதே. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் யார் தலையில் போடப்போகிறார்கள் என்று பார். பார்த்த பிறகும் நீ முழு மதிப்பெண் வாங்கினால், உன்னை நான் பெற்றதற்காக வருத்தப்படுவேன், அதை உன் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வேன். அதைவிட மோசம், நாற்காலியை இழுத்துப் போடுகிறவனாக நீ இருந்தால், உன் தங்கை பெற்ற பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அம்மா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வராதே. அன்று நீ எனக்குப் பெரிய மாமா.

அக்கா மூன்று மணிக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளை குவைத்தில் வேலை பார்ப்பவர். காலையில் என்னிடம் என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டார், நான் சொன்னதை நின்று கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அதுவும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது, கெட்டவராக இருந்தால் இதை எழுதுவது சுலபம். காரில் ஏறும்போது அக்கா எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், என்னையும். என் காதுக்குப் பக்கத்தில், "எழுதுனியா அவனுக்கு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எழுது. நீதான் எல்லாத்தையும் எழுதுவியே" என்றாள். அதில் மன்னிப்பு இருந்ததா என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இருந்ததாகத் தெரியவில்லை.

மாமா வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். இப்போது பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி, வேன் நிக்கு. எல்லாரும் ஏறியாச்சி. இங்க இருந்து என்ன எழுதுத? மறுபடியும் நண்டா?"

"இல்ல மாமா. நீங்க."

"நானா?" என்று சிரிக்கிறார். இன்று அவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்த நாள். "நான் என்னட்டி பண்ணினேன், எழுதுத மாதிரி? குடு பாப்போம்."

"ஒரு வரி இருக்கு. முடிச்சிட்டு தாறேன்."

கையை நீட்டியபடியே நிற்கிறார். மகனே, போன தடவை இந்த நோட்டை அவர் வாங்கிக்கொண்டு போனபோது அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இந்தத் தடவை தெரிந்து கொடுக்கிறேன். உனக்கு முன்னால் அவர் படிக்கட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டால் உனக்கு மறுபடியும் எழுதுவேன், எனக்கு ஒரு வரியும் மறக்காது. அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடுகிறார். இங்கே நின்று படிக்க முடியாது, வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்த்தான் படிக்க வேண்டும். மண்டபத்து ஆள் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்தார். எங்கள் தலைக்கு மேல் இருந்ததும் போய்விட்டது. விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள்.